தூக்கமா, மயக்கமா?

இரவில் வார்டுக்குள் வருகிறவர்கள் அநேகமாகச் சொல்வது, "எவ்வளவு அமைதியா இருக்கு" என்பதுதான். அந்த அமைதியை நான் நம்புவதில்லை. லண்டனில் ஒரு என்.எச்.எஸ். மருத்துவமனையின் முதியோர் வார்டில் கிளினிக்கல் சப்போர்ட் ஒர்க்கராக இருக்கிறேன். மாலை ஏழரைக்குத் தொடங்கும் நைட் டூட்டி மறுநாள் காலையில் முடியும். மருந்து கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. நர்ஸுகளைப் போலப் பதிவெண்ணும் கிடையாது. உடம்பு துடைப்பது, கமோடு கொண்டுபோவது, புரட்டிப் படுக்கவைப்பது, 'ஆப்ஸ்' எடுப்பது எல்லாம் எங்கள் கணக்கில் வரும். ஆனால் இரவில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: கண்மூடிக் கிடக்கும் இவர் தூங்குகிறாரா, இல்லை நினைவு தப்பிக்கொண்டிருக்கிறதா? பகலில் ஒருவர் சாப்பாட்டை ஒதுக்கினால் கண்ணில் படும். பேச்சு குழறினால் பார்க்க வந்த மகள் கண்டுபிடித்துவிடுவாள். இரவில் அசையாமல் கிடப்பதுதான் இயல்பு. நோயும் அப்படியே கிடக்கும்.

ஆப்ஸ் என்பது மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகிய ஆறும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும் முறையை ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து, 2017இல் திருத்தியது. 'நியூஸ் 2' என்போம். கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். ஏழு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இந்த ஆறில் மூச்சை மட்டும் நாங்கள் கண்ணால் எண்ணுகிறோம், முழுதாக ஒரு நிமிடம். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிறவர்கள் உண்டு. எண்ணாமலே 16 என்று எழுதுகிறவர்களும் உண்டு என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. 12 முதல் 20 வரை புள்ளி இல்லை. 21 ஆனால் இரண்டு, 25 ஆனால் மூன்று. கிருமித் தொற்று உடம்பில் பரவும்போது, ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமெடுப்பது அடிக்கடி நடக்கும். மார்ஃபின் போட்டவருக்கு இது தலைகீழ்: மூச்சு எட்டுக்கு இறங்கினாலும் மூன்று புள்ளிதான், ஆனால் பார்வைக்கு அவர் வார்டிலேயே மிக நிம்மதியாகத் தூங்குகிறவராகத் தெரிவார்.

மூச்சை எண்ண யாரையும் எழுப்ப வேண்டாம். விழித்திருப்பவர் நாம் எண்ணுவது தெரிந்தால் தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். தூங்குகிறவர் மாற்ற மாட்டார். அதனால் கட்டிலுக்குப் போனதும் நான் எதையும் தொடுவதில்லை. நடைபாதை வெளிச்சத்திலேயே நின்று, போர்வை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். கழுத்துச் சதை உள்ளே இழுக்கிறதா, நடுவில் இடைவெளி விழுகிறதா, இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிரஷர் பட்டை கையில் இறுகியபின் எண்ணினால் அது தூங்கும் மூச்சாக இருக்காது.

எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். வயதானவர்களுக்குத் தூக்கம் கெட்டால் புத்தி தடுமாறும். வார்டில் தூக்கத்தைக் கெடுப்பது சின்னத் தொந்தரவு அல்ல. 1859இல் வெளிவந்த 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சத்தத்துக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். புரட்டிப் படுக்கவைப்பது, பேட் மாற்றுவது, ஒரு வாய் தண்ணீர், ஆப்ஸ் எல்லாவற்றையும் ஒரே முறையில் முடித்துவிடுவேன். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், பிறகுதான் தோளில் கை. நான் யார், மணி என்ன, எதற்காக வந்தேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அரைத்தூக்கத்தில் எவரும் ஏதாவது உளறலாம். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டால் தூக்கக் கலக்கம் தெளிந்திருக்கும். தெளியாவிட்டால் நர்ஸிடம் ஓட வேண்டும். புதிதாக வந்த குழப்பம் ஒன்றே இருந்தாலும் மூன்று புள்ளி என்று சேர்த்தது 2017 திருத்தம். அந்தத் திருத்தம் இரவு வேலைக்குச் செய்த நன்மை பெரிது.

புரட்டும்போது முதுகெலும்பின் அடி, குதிகால், இடுப்பெலும்பு மூன்றையும் பார்ப்போம். படுக்கைப்புண் முதலில் சிவப்பாகத் தெரியும் என்று பயிற்சியில் காட்டும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது, அதுவும் மங்கிய வெளிச்சத்தில். அங்கே கைதான் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா? விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். திரையில் எண் நன்றாக இருந்தாலும், ஆள் மூச்சுக்குத் திணறினால் நான் ஆளைத்தான் நம்புவேன்.

ஒருநாள் பின்னிரவில் பக்கத்து வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கட்டிலின் தடுப்பைத் தாண்டி இறங்கப் பார்க்கிறார், மாலையில் ஆங்கிலத்தில் பேசியவர் இப்போது புரியாத ஏதோ சொல்கிறார், குழப்பம் வந்துவிட்டது என்றார்கள். போய்க் கையைப் பிடித்தேன்.

"ஐயா, என்ன செய்யுது?"

"பிள்ளை, சலம் போகுதில்லை. அடிவயிறு கல்லாக் கிடக்குது. இவையளுக்குச் சொல்லியும் விளங்குதில்லை."

எந்த ஊர், எந்த இடம், என்ன நாள் என்று கேட்டேன். மூன்றும் சரியாகச் சொன்னார். வலி வந்ததும் பழகிய மொழிக்குத் திரும்பியிருந்தார், அவ்வளவுதான். நர்ஸிடம் சொன்னேன், ஸ்கேனரை வயிற்றில் வைத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பை நிரம்பி இருந்தது. டியூப் போட்டு வடிந்ததும் அப்படியே தூங்கிப்போனார். வழக்கமாக மருத்துவப் பேச்சுக்கு மருத்துவமனை ஏற்பாடு செய்யும் மொழிபெயர்ப்பாளரைத்தான் பயன்படுத்த வேண்டும், அது நல்ல விதி. ஆனால் பின்னிரவில் வலியில் துடிப்பவருக்குப் பக்கத்தில் அவர் மொழி தெரிந்த ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று பார்த்தேன்.

எங்கள் வேலைக்கென்று 2015இல் இங்கிலாந்தில் கேர் சர்டிஃபிகேட் வந்தது. பயிற்சி முன்னேறியிருக்கிறது. இன்னும் மாறாதது காலை ஹேண்டோவர். அறைக்குள் இரவு நர்ஸ் பகல் நர்ஸுக்குச் சொல்வார். அந்த நேரத்தில் பஸ்ஸர் அடித்தால் பார்க்க நாங்கள் வெளியே நிற்போம். "ஆப்ஸ் ஸ்டேபிள், நன்றாகத் தூங்கினார்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிமுடிப்பார்கள். அவரை நான் எழுப்பியபோது வழக்கத்தைவிட மெதுவாகக் கண் திறந்தார், தண்ணீர் கிளாஸை இடது கையால் வாங்கினார் என்பது புள்ளிக் கணக்கில் வராது. அதனால் வார்டின் ஒவ்வொரு கட்டில் பகுதிக்கும் ஒரு சப்போர்ட் ஒர்க்கரை அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் அழைக்க வேண்டும் என்று வார்டு கூட்டங்களில் கேட்டு வருகிறேன். அந்த ஐந்து நிமிடம் பஸ்ஸரைப் பகல் டூட்டிக்கு வந்தவர் பார்த்துக்கொள்ளலாம்.