இன்னிக்கு யார் பாடு?

எங்கள் வீட்டில் ஒரு சண்டை உண்டு. வயது பதினொன்று, எங்கள் கல்யாணத்துக்கும் அதே வயதுதான். ஞாயிற்றுக்கிழமை யார் அம்மா வீட்டுக்குப் போவது என்று ஆரம்பிக்கும். அவள் குரலை உயர்த்துவாள். நான் பேப்பரை உயர்த்துவேன். பேப்பர் உயர உயரக் குரலும் உயரும். பி.காம். படித்தவன் இல்லையா, பழைய பாக்கிக்கெல்லாம் மனசுக்குள் லெட்ஜர் வைத்திருக்கிறேன். அவளிடமும் ஒன்று உண்டு. இரண்டும் ஒருநாளும் டாலி ஆனதில்லை.

போன வருஷம் ஒரு நாள், அவள் முதல் வார்த்தை பேசியதுமே எட்டு வயசு மகள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். யாரும் சொல்லவில்லை. பழகியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

மறுவாரம் கட்டுரை வேலையாகப் பழவேற்காடு போனேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர் மீனவர்களிடையே தலைமுறைகளாக வந்த 'பாடு' முறையைப் பற்றிக் கேட்க. ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம்தான். அதில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வதுதான் பாடு.

"அப்ப சண்டையே வராதா?" என்றேன், பெரியவர் ஒருவரிடம்.

"ஏன் வராது சார்? வரும். ஆனா அதே சண்டை தெனமும் வராது. நாளைக்கு நம்ம முறைன்னு தெரிஞ்சா, இன்னிக்குக் கரையில உக்காந்து வலைய தெச்சிக்கினு இருக்கலாம்."

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாங்கள் அடித்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைக்காக இல்லை. தன் முறை வராமலே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம், அதனால் சத்தம். சத்தத்தில் எனக்குப் பயம், அதனால் பேப்பர். அமெரிக்காவில் தம்பதிகளை ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களுடைய பிரச்னைகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்கிறார். தீராதவற்றைப் பேசும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறதாம்.

காலண்டரில் எழுதினோம்: ஒரு ஞாயிறு அவள் பாடு, மறு ஞாயிறு என் பாடு. பேச்சிலும் அப்படியே. பத்து நிமிஷம் அவள். நான் பேப்பரைத் தொடக்கூடாது. அப்புறம் நான், அவள் குறுக்கே பேசக்கூடாது. முதல் பத்து நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! ஆனால் அவள் ஏழாவது நிமிஷமே, "அவ்வளவுதாங்க" என்று நிறுத்திவிட்டாள். பதினொரு வருஷச் சண்டையில் மொத்தம் ஏழு நிமிஷச் சரக்குதான் இருந்திருக்கிறது.

பழவேற்காட்டில் பாட்டில் பங்கு இல்லாதவர்களுக்கு மனக்குறை உண்டு. எங்கள் வீட்டிலும் கிளம்பிவிட்டது. போன ஞாயிறு மகள் கேட்டாள்: "எனக்கு எப்பப்பா பாடு?"

ஜன்னல் திறந்தே இருந்தது.