குன்றிடைச் சாலைகள்

இங்கிலாந்தின் தென்பகுதி, அலையலையாய் எழுந்து தாழும் பசுங்குன்றுகள் நிறைந்தது. அங்குள்ள பாக்ஸ் குன்றின் வளைசாலையில், 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் மிதிவண்டிப் பந்தயத்தில் ஆடவர் ஒன்பது முறை ஏறியிறங்கினர். இன்று இன்பம் தரும் இத்தகைய நாட்டுப்புறச் சாலைகள் முற்காலத்தில் துன்பம் தருவனவாகவே இருந்தன. இருப்புப்பாதை வந்தபின் குதிரை வண்டிகள் குறைந்தன. சாலைகள் பேணுவாரின்றிச் சீர்கெட்டன. செங்குத்தான இறக்கங்களில் மிதிவண்டி ஊர்ந்தோர் தலைகுப்புற வீழ்ந்தனர்.

எனினும், அவர்கள் வாளாவிருந்தாரல்லர். 1878-இல் தோன்றிய மிதிவண்டிப் பயணியர் சங்கத்தார், இடர்மிக்க குன்றுகளின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகள் நாட்டினர். 1886-இல் பிறரோடு கூடிச் சாலைச் சீர்திருத்தக் கழகம் அமைத்து, நல்ல சாலைகளுக்காகப் போராடினர்.

பலகை நாட்டியவர் அவ்விறக்கத்தை முன்பே அறிவர். அறியாது பின்வரும் ஒருவனுக்காகவே அது நின்றது. தாம் பட்ட துன்பம் பிறர் படாவண்ணம் காப்பதன்றோ பொதுத்தொண்டு!