இதயம் மட்டும் பிரிக்கும் பக்கம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரிந்துகொண்டு, ஓய்வு வேளைகளில் படித்ததைப் பகிர்ந்துகொள்ளும் சிலர் நாங்கள். எங்கள் ஷிப்டில் இருந்த இளைஞர் ஒருவர் விடுதி அறையில் உறக்கத்திலேயே இறந்துபோனார். முப்பது வயது நிரம்பவில்லை. 'ஹார்ட் அட்டாக்' என்ற சொல்லோடு பேச்சு முடிந்தது. எங்களுக்கு அச்சொல் போதவில்லை. இளம் இதயங்கள் நின்றுபோவதன் காரணங்களைத் தேடிப் படிக்கையில்தான் எம்ஒய்பிபிசி3 என்னும் மரபணுவை அறிந்தோம்.

உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் மரபணுத் தொகுதி முழுமையாக இருக்கிறது. கார்த் தொழிற்சாலையின் எல்லாப் பிரிவுகளிலும் ஒரே வரைபடத் தொகுப்பை வைத்திருப்பதைப் போன்றது இது. பெயின்ட் ஷாப் தன் பக்கத்தை மட்டும் பிரிக்கும். எஞ்சின் பிரிவு தன் பக்கத்தை. எந்தத் திசு எந்தப் பக்கத்தைப் பிரிக்கிறது என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். புதிய மரபணு ஒன்று கிடைத்தால் ஆய்வாளர் முதலில் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. இதயம், ஈரல், மூளை, சிறுநீரகம், தசை ஆகியவற்றிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, ஜெல்லில் தனித்தனி வரிசையாக ஓடவிட்டு, அம்மரபணுவோடு பொருந்தும் துணுக்கைக் கொண்டு தேடுவது முன்பு பெருவழக்காக இருந்தது. எந்த வரிசையில் பட்டை தெரிகிறதோ, அந்தத் திசுவில் மரபணு விழித்திருக்கிறது.

தசையின் மயோசின் இழைகளோடு பிணையும் புரதம் ஒன்றுக்கு மூன்று வகைகள் உண்டு. இரண்டு எலும்புத் தசைகளுக்குரியவை, மூன்றாவது இதயத்துக்குரியது. அந்த மூன்றாவதற்கான மரபணுவே எம்ஒய்பிபிசி3. அதன் பிழைகள் இதயத் தசைத் தடிப்பு நோயைத் தரும் என்பது 1995இல் தெரியவந்தது. வளரும் மனிதத் தசைகளையும் சுண்டெலித் தசைகளையும் ஆராய்ந்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையோ, இதய வகை எலும்புத் தசையில் வெளிப்படுவதில்லை என்றும், மற்ற இரண்டும் இதயத்தில் அதற்கு ஈடாக வருவதில்லை என்றும் காட்டியது. எங்கள் மொழியில் சொன்னால், அந்த வேலைக்கு ரிலீவர் கிடையாது.

2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். இம்மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் இந்தியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது. அது இதயநோய் அபாயத்தோடு தொடர்புடையது. ஐம்பது பேர் ஏறும் கம்பெனி பஸ்ஸில் சராசரியாக இருவர்.

ஆனால் இந்த எண் தீர்ப்பல்ல. இவர்களுள் சிலரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், கடும் அபாயம் பெரிதும் அதனைச் சார்ந்தது என்பதையும் 2018, 2020ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஆகவே இந்த 4 விழுக்காட்டை வைத்து எவரையும் வேலைக்குத் தகுதியற்றவர் என்று விலக்குவது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

செய்யத்தக்கது வேறொன்று. தடிப்பு நோய்க்குக் காரணமான பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் எக்கோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இளவயது மரணத்தின் காரணத்தை ஆராயாமல் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதி முடிக்கும்போது, தொலைவில் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் தம்பிக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்தே புதைத்துவிடுகிறோம்.