அண்ணையோடு ஒரு மட்ச்

அண்ணையை வீட்டில் வைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மைதானத்தில்தான் பார்க்க வேண்டும், அதுவும் மார்ச் மாதத்தில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில், வடக்கின் பெரும்போர் என்ற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்போது. ரொறன்ரோவில் இருந்த காலமெல்லாம் ஊர் என்று நினைத்தால் எனக்கு வந்து நின்ற காட்சி அது ஒன்றுதான். எங்கள் வீடு இப்போது வேறொருவருடையது. இந்த முறை ஊருக்கு வந்தபோது அதைப் பார்க்கவே நான் போகவில்லை. கஸ்தூரியார் வீதி, பெரியகடை, மணிக்கூட்டுக் கோபுரம், 1981இல் எரிந்து பிறகு வெள்ளை வெளேரென்று மீண்ட நூலகம், எல்லாவற்றையும் ஓட்டோவில் இருந்தபடியே கடந்துவிட்டேன்.

அண்ணை என் பெரியம்மாவின் மகன். ஒரே வளவில்தான் வளர்ந்தோம். ஆனால் அவர் மத்திய கல்லூரி, அதாவது சென்ட்ரல், நான் சுண்டிக்குளி சென்ட் ஜோன்ஸ். இந்த இரண்டு பள்ளிகளுக்கும் இடையே 1904இல் தொடங்கிய பிக் மட்ச் எங்கள் குடும்பத்துக்குள் இரண்டு தலைமுறையாகச் சோற்றுத் தட்டுவரை வந்திருக்கிறது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் ஆட்டமே நடக்கவில்லை. நடக்காத ஆண்டுகளிலும் அண்ணை என்னோடு அதைப்பற்றிச் சண்டை பிடித்திருக்கிறார்.

சீமெந்துப் படியில், நிழல் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலைமயிர் கொட்டிவிட்டது. முழங்காலில் துணிப்பட்டி. மடியில் ஸ்கோர் எழுத, அந்தக் காலத்தில் வைத்திருந்த அதே மாதிரியான சீஆர் கொப்பி. என்னை நிமிர்ந்து பார்த்தவர், "இரு, ஓவர் முடியட்டும்" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேட்டால் சீவிய பென்சில். அடிமட்டம் வைத்துத் தானே போட்ட கோடுகள். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. மேலே மூன்று, கீழே மூன்று. ஆறு பந்திலும் ஓட்டம் இல்லையென்றால் அந்த ஆறு புள்ளிகளையும் இணைத்து ஆங்கில எம் எழுத்தாக்கிவிடுவார், மெய்டன். கோடு புள்ளியின் நடுவால் போக வேண்டும், விலகினால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். சிறுவயதில் எனக்கும் இதைச் சொல்லித்தந்தவர் அவர்தான். மைதானத்தில் பெரிய ஸ்கோர் போர்ட் இருக்கிறது, பொடியள் எல்லாரும் கைபேசியில் ஸ்கோர் பார்க்கிறார்கள். அண்ணை தன் கணக்கைத்தான் நம்புகிறார்.

ஓவர் முடிந்தது. "எப்ப வந்தனி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "உங்கட கப்டன் ஃபீல்டிங் நிப்பாட்டின விதத்தைப் பாத்தியே?" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

என் முதல் அணி இந்தியாதான். அந்தக் கால யாழ்ப்பாணத்தில் பலருக்கும் அப்படித்தான். 1983 ஜூன் 25 அன்று லோட்ஸில் கபில்தேவ் உலகக் கிண்ணத்தைத் தூக்கியதை எங்கள் ஊர் தன் வெற்றியாகக் கொண்டாடியது என்று அண்ணை சொல்வார். ஒரு மாதம் முடியவில்லை, கறுப்பு ஜூலை வந்தது. இந்தியா மீது இருந்த பாசம் அதன் பிறகு இன்னும் கூடியது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்து, நடந்ததெல்லாம் நடந்த பிறகு அண்ணை இந்தியாவை விட்டுவிட்டார். நான் சின்னவன். ஸ்ரீகாந்தின் மட்டை ஓசையை வானொலியில் கேட்டே வளர்ந்தவன், என்னால் விட முடியவில்லை.

1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்போம். 1992 பெப்ரவரி 28, உலகக் கிண்ணம், ஆஸ்திரேலியாவின் மக்காய் நகரில் இந்தியாவும் இலங்கையும். அங்கே காலை என்றால் எங்களுக்கு விடியற்காலை. அண்ணை சுற்ற, நான் ஸ்டேஷன் நழுவாமல் ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நீ ஆற்ற பக்கம்?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வெல்லாட்டி நல்லது" என்றார். மக்காயில் மழை. அவர் கை ஓய்ந்தால் குரல் தேயும், மறுபடி சுற்றுவார். கடைசியில் ஆட்டம் தொடங்கியது. இரண்டு பந்து. மீண்டும் மழை. அன்று அங்கே வீசப்பட்டது அந்த இரண்டு பந்துகள்தான். வியர்வை வழிய அண்ணை கொப்பியை எடுத்து, அந்த இரண்டு பந்தையும் ஒழுங்காகப் பதிந்துவைத்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. நான் அதன் பிறகு கொழும்பு வழியாகக் கனடாவுக்கு வந்துவிட்டேன். அண்ணை கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார். அந்த மார்கழியில், மெல்பேர்னில், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹேர் திரும்பத் திரும்ப நோபோல் கொடுத்தார். வீடு வாசலை விட்டு வந்து மண்டபத்தில் படுத்திருந்த ஆளுக்கு அந்தச் செய்தி ஏன் அப்படிச் சுட்டது என்று எனக்கு விளங்கவில்லை. முரளி மலையகத்துப் பிள்ளை, கண்டியில் படித்தவர், எங்கள் ஊரே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணை முரளியின் பக்கம், முரளி ஆடியதால் இலங்கையின் பக்கம். அடுத்த மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்து இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது, ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆஸ்திரேலியா வெல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணை ஒரு தேத்தண்ணிக் கடையில் கேட்டாராம். கைதட்டினாராம். பிறகு தொலைபேசியில் அவர் அதைச் சொன்னபோது நான் கோபத்தில் ரிசீவரை வைத்துவிட்டேன்.

வெளியே போனவர்களின் விசுவாசம் உறைந்துவிடும். 2013இல் கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் அரையிறுதி ஆடியபோது நம்மவர்கள் எதிர்ப்புக் காட்டி மைதானத்துக்குள்ளேயே ஓடினார்கள். போரில் இறந்தவர்களுக்காக ஓடினார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரம் அண்ணை இந்த மண்ணில் இருந்தார், கண்ணெதிரே விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்குக் குற்றவுணர்வுதான் வருகிறது.

சென்ட்ரல் மைதானத்தில் பாதிப் பொடியள் இலங்கை அணியின் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அண்ணையிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு எங்கட வரலாறு தெரியாதெண்டு நினைக்கிறியே?" என்றார். "எல்லாம் தெரியும். அவங்களும் விளையாடத்தானே வேணும்."

பிறகு விஜயகாந்த் வியாஸ்காந்த் கதை. மத்திய கல்லூரிப் பிள்ளை, லெக் ஸ்பின்னர். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸுக்கு ஆடத் தொடங்கினார், முதல் விக்கெட்டே அஞ்சலோ மத்யூஸ். 2023இல் ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு ஆடினார். 2024 ஐபிஎல்லில் ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் அவரை எடுத்தது. முதல் ஆட்டத்தை ரொறன்ரோவில் வேலையிடத்தில் கைபேசியில் பார்த்தேன். அவர் ஓடிவந்து கையைச் சுழற்றியபோது தொண்டை அடைத்தது. சென்ட்ரல் பொடியன் ஒருவனுக்காக எனக்கு அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. ஸ்டாலியன்ஸ் பிறகு ஜஃப்னா கிங்ஸ் ஆனது. 2020, 2021, 2022, 2024 என்று லங்கா பிரீமியர் லீக்கை நான்கு தடவை வென்றது. அந்த நான்கு வெற்றியிலும் ஒரு பந்துகூட யாழ்ப்பாணத்தில் வீசப்படவில்லை. ஹம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை, எங்கும் ஆடினார்கள், பெயரில் இருக்கும் ஊரைத் தவிர. 2019இல் கூடைப்பந்தில் ராப்டர்ஸ் வென்றபோது ரொறன்ரோவே தெருவில் நின்றது. என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். அது அவர்கள் பிறந்த ஊரின் அணி, அவர்கள் சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் ஆடும் அணி. அந்தத் தூரம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் வேண்டும். அதுவரை இந்த ஊருக்குச் சொந்தக் கண்ணால் பார்க்கக் கிடைத்த பெரிய ஆட்டம் இந்த இரண்டு பள்ளிக்கூடங்களின் ஆட்டம்தான்.

தேநீர் இடைவேளையில் அண்ணை பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார்: "இலங்கையும் இந்தியாவும் விளையாடினா இப்ப நீ ஆற்ற பக்கம்?"

"வியாஸ்காந்த் விளையாடினா இலங்கை."

"அப்ப சென்ட்ரலுக்கு எண்டு சொல்லு."

அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லாமல் விடமாட்டேன் என்றார். மூன்றாம் நாள் ஸ்டம்பைப் பிடுங்கும்வரை அந்த வழக்கு ஓயவில்லை, அவர் பெறாமக்கள் வந்து இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், நாங்கள் எழும்பவில்லை.