இரண்டாவது படுக்கையின் விலை

லாஸ்பேட்டை, புதுச்சேரி, தை 20

கப்பல் சுற்றுலாவில் விலை சொல்வது ஆளுக்கு, விற்பது அறையை. விளம்பரத்தில் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. முகவர்கள் இதை ‘ட்வின் ஷேரிங்’ என்பார்கள். தனியாக வருபவர், காலியாகக் கிடக்கும் இரண்டாவது படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அறைக் கட்டணம் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை ஏறும். துறைமுகக் கட்டணம் ஆள் கணக்கு என்பதால், அது பெரும்பாலும் இரட்டிப்பதில்லை.

தலைக்கு அறைக் கட்டணம் 20,000 ரூபாய், துறைமுகக் கட்டணம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவராகப் போனால் ஆளுக்கு 23,000. தனியாளுக்கு இரு மடங்கு என்றால் 43,000. அதனால் ‘தலைக்கு எவ்வளவு’ என்ற கேள்வி தனிப் பயணிக்கு உதவாது. ‘ஒருவர் மட்டும் தங்கினால் மொத்தம் எவ்வளவு, அதில் அறைக்கு எவ்வளவு, துறைமுகத்துக்கு எவ்வளவு’ என்று பிரித்துக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தை 27

பயணக் கப்பல்கள் எல்லாம் இப்படி அறைக் கணக்கில் ஓடியதில்லை. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலாவிலும் எம்.வி. சிதம்பரத்திலும் தனியாள் வாங்கியது தன் ஓர் இடத்துக்கான சீட்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் அரசுக் கப்பல்களில் இன்றும் அதே முறைதான். டீலக்ஸ் அறையில் இருவர், முதல் வகுப்பில் நால்வர், இரண்டாம் வகுப்பில் ஆறு பேர்வரை, அதற்குக் கீழே பங்க் வகுப்பு. தனியாக வருகிறவர் தன் படுக்கைக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். பக்கத்துப் படுக்கைக்கு ஆள் தேடுவது கப்பல்காரர் வேலை.

சுற்றுலாக் கப்பல்கள் அந்த வேலையைப் பயணியின் தலையில் வைத்துவிட்டன. சில நிறுவனங்கள் ஒற்றை ஆளுக்கென்றே அறை கட்டியிருக்கின்றன. 2010இல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் தலா 100 சதுர அடியில் 128 ஒற்றை அறைகளும், அவற்றில் தங்குவோர் கூடிப் பேச ஒரு பொதுக் கூடமும் இருந்தன. மற்றக் கப்பல்களில் அறைத்துணை ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் மலிவான வழி.

மாசி 12

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சுற்றுலாக் கப்பல், 1990இல் பிரான்ஸின் சேன் நசேரில் கட்டப்பட்டது. சுமார் 800 அறைகள். சன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் அறை, பால்கனி அறை, சூட் என்று விலை படிப்படியாக ஏறும். உள் அறை 100 சதுர அடிக்குச் சற்று மேல் இருக்கும். பகலா இரவா என்று அங்கே கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவாகப் போகும்போது முகவர் சில அறைகளை முன்பணம் கட்டிப் பிடித்துவைப்பார். பெயர்களைக் குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும். பல நிறுவனங்களில் முழுக் கட்டணம் செலுத்தும் 16 பேருக்கு ஒருவர் அறைக் கட்டணமின்றி வரலாம் என்பது வழக்கம். அந்தச் சலுகை வழக்கமாகக் குழுவைச் சேர்த்தவருக்குப் போகிறது. குழுவில் துணையில்லாமல் வரும் ஒருவரின் கூடுதல் கட்டணத்தைக் குறைக்க அதைப் பயன்படுத்துவதே நியாயம். கணவரை இழந்தவரும் மணமாகாதவரும் பயணத்திலிருந்து ஒதுங்குவதற்கு இந்தத் தொகையும் ஒரு காரணம்.

பங்குனி 5

அறைத்துணையை முகவரே சேர்த்துவிடுவதும் உண்டு. ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்பதற்கு மேல் அவர் எதையும் பார்ப்பதில்லை. லாஸ்பேட்டையில் அதற்கு நல்ல மாற்று இருக்கிறது. ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நடப்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் பலர். ஒரு வாரம் சேர்ந்து நடந்தாலே ஆளின் போக்கு தெரிந்துவிடும். கேட்க வேண்டியவை சின்ன விஷயங்கள். இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்? குறட்டை உண்டா? அதிகாலையில் எழுந்து சத்தமாகக் கைப்பேசியில் பாட்டுப் போடுவாரா? புகை, மது? ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருப்பார்?

முழங்கால் வலி இருப்பவர் மேல் படுக்கை பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று முகவர் ஆசை காட்டுவார். அந்த இடம் பெரும்பாலும் சுவரிலிருந்து இறக்கும் மடக்குப் படுக்கை. சிற்றேணியில் ஏற வேண்டும்.

முன்பணத்துக்கு முன் தீர்க்க வேண்டியது இன்னொன்று: துணை கடைசி நேரத்தில் நின்றுவிட்டால் கூடுதல் கட்டணம் யாருக்கு? பல நிறுவனங்கள் மிஞ்சியவரிடமே வசூலிக்கும். நிற்பவர் வேறொருவரைப் பிடித்துத் தர வேண்டும், இல்லையேல் அந்தத் தொகையை ஏற்க வேண்டும் என்று இருவரும் எழுதிக்கொள்வது நட்பைக் கெடுக்காது. பெயர் மாற்றக் கடைசி நாள் எது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

வைகாசி 26

முன்பதிவிலேயே ‘தனித்தனிக் கட்டில்’ என்று குறிக்காவிட்டால், இரண்டு கட்டில்களையும் ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பு விரித்திருப்பார்கள். அறைப் பணியாளரிடம் சொன்னால் பிரித்துத் தருவார். பிளக் பாயிண்ட் ஓரிரண்டுதான். எக்ஸ்டென்ஷன் பலகையும் இஸ்திரிப் பெட்டியும் பல கப்பல்களில் தடை. மூச்சுக் கருவி வைத்திருப்பவருக்குச் சுவரோரக் கட்டில். இன்சுலினுக்குக் குளிர்பெட்டி உண்டா என்பதை ஏறுமுன்பே கேட்டுவைக்க வேண்டும்.

குளியலறை ஒருவர் திரும்பினால் திரைச்சீலை உடம்பில் ஒட்டும் அளவு. கரையிறங்கும் நாளில் அதற்குத்தான் போட்டி. புதுச்சேரியைத் தொடும் பயணத்தில் இந்தப் போட்டி அதிகம். 2022இல் அரசு அனுமதி கிடைக்காததால் ‘எம்ப்ரஸ்’ கப்பலிலிருந்து இங்கே யாரும் இறங்கவில்லை. 2025 ஜூலையில் கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை காலத்திலும் கப்பல் வெளியே நிற்க, சலங்கு என்ற படகுதான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது. படகுக்கு வரிசை உண்டு என்பதால் யார் முதலில் குளிப்பது என்பதை முந்தின இரவே பேசிவிட வேண்டும்.

வைகாசி 28

அறைச் சாவி அட்டையே செலவுக் கணக்குமாகும். இருவர் கணக்கையும் ஏறும்போதே தனித்தனியாகப் பிரித்துவைக்கச் சொல்ல வேண்டும். அறைக்கென்று ஒரே கணக்கு இருந்தால், ஒருவர் எடுத்த குளிர்பானமும் மற்றவர் ரசீதில் ஏறும். பெட்டகம் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். பாஸ்போர்ட், நகை இருந்தால் இருவரும் சேர்ந்தே திறந்து எடுக்க வேண்டும். கடைசி இரவு பெட்டிகளைச் சீட்டு கட்டி வாசலில் வைத்த பிறகு, கையில் இருக்க வேண்டியவை மறுநாள் உடையும் மாத்திரையும்.