தகரச் சுவருக்கு அந்தப் பக்கம்

மே மாதம் பிறந்தால் தென் லண்டனின் பிராக்வெல் பூங்காவுக்குள் லாரிகள் வரத் தொடங்கும். முதலில் புல்லின் மேல் அலுமினியப் பலகைகளைப் பரப்பிப் பாதை போடுவார்கள். அடுத்து ஆளுயரத்துக்கும் மேலான தகரச் சுவர் பெரிய வளையமாக எழும்பும். பிறகு மேடை, ஒலிபெருக்கிகள், வரிசை வரிசையாகக் கழிப்பறைகள், சாப்பாட்டு வண்டிகள். முதல் பாட்டு ஒலிப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் சண்டை மூண்டுவிடும். இசை விழா வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

பிரிக்ஸ்டன், ஹெர்ன் ஹில், டல்ஸ் ஹில் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் நடுவில் சுமார் 50 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது இந்தப் பூங்கா. மேட்டின் உச்சியில் நின்றால் நகரத்தின் கோபுரங்கள் எல்லாம் தெரியும். ஒரு காலத்தில் இது தனியார் எஸ்டேட். இதைப் பொதுமக்களுக்காக வாங்கியே தீரவேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவர் தாமஸ் லின் பிரிஸ்டோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர். 1892 ஜூன் 6 அன்று பூங்கா திறக்கப்பட்டது. விழா முடிந்த சற்று நேரத்தில், அங்கிருக்கும் பழைய மாளிகையின் படிக்கட்டிலேயே அவர் மாரடைப்பால் இறந்துபோனார். தோட்டமும் முற்றமும் இல்லாத வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு பச்சை வெளி வேண்டும் என்பதற்காகவே இந்த இடம் வாங்கப்பட்டது. இன்றைய சண்டையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது அதைத்தான்.

2018இல் ஃபீல்ட் டே என்ற விழா கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவிலிருந்து இங்கே இடம் மாறியது. அதன்பின் மற்ற விழாக்களும் வந்து சேர்ந்தன. 2025இல் வைட் அவேக், ஃபீல்ட் டே, கிராஸ் த டிராக்ஸ், சிட்டி ஸ்பிளாஷ், மைட்டி ஹூப்லா என்று வரிசையாக நடந்தன. மே 23இலிருந்து நான்கு நாள், அடுத்த வார இறுதியில் இரண்டு நாள். ஆறு நாள் பாட்டைப் பொறுத்துக்கொள்ள முடியாதா என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தகராறு அந்த ஆறு நாளைப் பற்றியதாக இருந்திருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்காது. சுவரை எழுப்பவும் பிரிக்கவும் ஆகும் நாட்களையும் சேர்த்தால்தான் கணக்கு புரியும்.

இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளின்படி, ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்தத் தனி அனுமதி தேவையில்லை. அதைத் தாண்டினால் முறையாக விண்ணப்பித்து, ஊராரின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே அனுமதி தரவேண்டும். பூங்காவை நிர்வகிக்கும் லாம்பெத் கவுன்சில், தற்காலிகப் பயன்பாடு என்ற அடிப்படையில் விழாக்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது. பகுதிவாசி ஒருவர் வழக்குப் போட்டார். மொத்தப் பயன்பாடு 37 நாள் என்பதால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று 2025 மே 16 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை; புதிய விண்ணப்பம் போடப்பட்டது, விழாக்கள் அறிவித்தபடியே நடந்தன. டிக்கெட் விற்றாகிவிட்டது, மேடை எழுந்துவிட்டது என்றால் யாரால் நிறுத்த முடியும்? வழக்கில் வென்ற தரப்பினரும் தகரச் சுவரைச் சுற்றித்தான் நடந்து போனார்கள்.

எங்கள் தெருமுனையில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கடை வைத்திருக்கிறார். விழா நாட்களில் அவர் கடையில் தண்ணீர்ப் போத்தலும் பியரும் ஐஸும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். இந்த விவகாரத்தில் அவர் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“சனம் வந்தா யாவாரம் அக்கா. அதை நான் இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா அம்மாவைப் பாருங்கோ. இந்தப் பார்க்கை விட்டா அவவுக்கு வேறை போக்கிடம் இல்லை.”

அவர் அம்மாவை எனக்குத் தெரியும். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் மகன் வாங்கிக் கொடுத்த ஓட்டக் காலணி. காலையில் மேட்டில் ஏறி ஒரு பெஞ்சில் உட்காருவார். அங்கே ஜமைக்காவிலிருந்து இளவயதில் வந்த ஒரு மூதாட்டி அவருக்காகக் காத்திருப்பார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. முழங்காலைத் தொட்டுக் காட்டி வலியைச் சொல்வார்கள், கைபேசியில் பேரப் பிள்ளைகளின் படத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். மே மாதக் கடைசியில் அந்தப் பெஞ்ச் சுவருக்கு உள்ளே போய்விட்டது. ஒரு நாள் அம்மா தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இதை எப்ப பிள்ளை எடுப்பினம்?” என்று என்னைக் கேட்டார். பூங்கா மொத்தமும் மூடப்படவில்லை, மற்ற பகுதிகள் திறந்தே இருக்கின்றன என்று விழாக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எண்பதை நெருங்கும் ஒருத்திக்குப் பூங்கா என்றால் அந்த ஒரு பாதையும் அந்த ஒரு பெஞ்சும்தான்.

சுவரை எடுத்த பிறகும் நிலம் உடனே பழைய நிலைக்கு வருவதில்லை. கனத்த வண்டிகளும் ஆயிரக்கணக்கான கால்களும் மிதித்து இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது. லண்டன் மண் களிமண். 2024இல் விழா சமயத்தில் மழை கொட்டி, புல்வெளி சேறாகிப் போனது. பிறகு அதே சேறு காய்ந்து வண்டித் தடங்களோடு கெட்டித்துக் கிடந்தது. புல் விதை தூவலாம், முளைக்கவும் செய்யும். மரத்தின் வேர்களுக்கு மேல் இறுகிய மண்ணைத் தளர்த்துவது அத்தனை எளிதல்ல. பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமும் இதே மே, ஜூன்தான்.

இத்தனை சொன்ன பிறகும், இசையே வேண்டாம் என்று கொடி பிடிப்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. காரணம் இந்தப் பூங்காவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1978 செப்டம்பர் 24 அன்று இனவெறிக்கு எதிரான இசை இயக்கம் இங்கே ஒரு பெருவிழா நடத்தியது. ஹைட் பூங்காவிலிருந்து ஊர்வலமாகவே நடந்து வந்தார்கள். எல்விஸ் காஸ்டெல்லோ பாடினார். ரெகே குழுவான அஸ்வாட் வாசித்தது. டிக்கெட் இல்லை. அந்த ஆண்டு மே மாதம்தான் கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்கதேசத் தொழிலாளி வேலை முடிந்து திரும்பும் வழியில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி தெருவில் அணிவகுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களைப் போல் பின்னால் வந்தவர்கள் இந்த நகரத்தில் தலைநிமிர்ந்து நடப்பதில் அந்தப் பாட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊரின் நடுவில், புல்வெளியில், கூட்டம் கூடிப் பாடுவது வெறும் கேளிக்கை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்றைய விழாக்களுக்கும் அந்த வரலாற்றோடு உள்ள உறவு அறுந்துவிடவில்லை. சிட்டி ஸ்பிளாஷ் ரெகேவும் டான்ஸ்ஹாலும் கொண்டாடும் நாள். மைட்டி ஹூப்லாவில் பால்புதுமையினர் யாருக்கும் அஞ்சாமல் ஆடிப்பாடுகிறார்கள். பிரிக்ஸ்டனில் வீட்டு விலை ஏறியபின் குடிவந்த வசதியானவர்கள்தான் கறுப்பின மக்களின் இசையைச் சத்தம் என்று புகார் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பெஞ்சை இழந்த அந்த இரண்டு பாட்டிமாரும் வசதியானவர்கள் அல்லர்.

1978க்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் சுவரும் டிக்கெட்டும்தான். அவை ஏன் வந்தன என்று பார்த்தால் விஷயம் பணத்தில் போய் நிற்கிறது. இங்கிலாந்தில் பூங்காக்களைப் பராமரிப்பது உள்ளாட்சிகளுக்குச் சட்டப்படி கட்டாயக் கடமை இல்லை. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் கட்டாயம். 2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் வெட்டப்பட்டபோது, கட்டாயம் இல்லாதவற்றின் மேல்தான் கத்தி முதலில் விழுந்தது. பூங்காவை வாடகைக்கு விட்டுத்தான் பூங்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலைக்குக் கவுன்சில்கள் தள்ளப்பட்டன. 1974 முதல் இங்கே நடந்துவரும் லாம்பெத் கண்ட்ரி ஷோவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காய்கறியில் செதுக்கிய உருவங்களுக்குப் போட்டி, செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் காட்சி, ஜமைக்கக் கோழி வறுவல், மேடையில் ரெகே என்று ஊரே திரளும். டிக்கெட் விழாக்களின் தயவில்தான் அந்த இலவச விழாவையும் நடத்த முடிகிறது என்பது இப்போது சொல்லப்படும் வாதம்.

வட லண்டனின் ஃபின்ஸ்பரி பூங்கா விஷயத்திலும் இதே போன்ற ஒரு வழக்கு நடந்தது. அங்கே வயர்லெஸ் என்ற இசை விழாவுக்காகப் பூங்காவின் ஒரு பகுதியை அடைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கூடவே, 1906ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டத்தின்படி அந்தப் பூங்கா மக்களுக்காகக் கவுன்சிலின் நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கும் சொத்து என்பதையும் நினைவூட்டியது. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியைத்தான் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கருத்து இதுதான். விழாக்கள் நடக்கட்டும். ஆனால் அடைக்கும் நாட்கள், எழுப்புவதும் பிரிப்பதும் சேர்த்து, 28ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊரைக் கேட்டுவிட்டு டிக்கெட் விற்க வேண்டும், விற்றுவிட்டுக் கேட்கக் கூடாது. வரும் வாடகை எவ்வளவு, அது எந்தப் புல்லுக்கு, எந்த மரத்துக்குச் செலவானது என்பதைப் பூங்கா வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூங்காப் பராமரிப்பை உள்ளாட்சியின் கட்டாயக் கடமையாக்கி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். விழாவை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கை அது. லண்டனில் இருக்கும் தமிழர்கள் தங்கள் தொகுதி எம்.பி.க்கு இதை எழுதுங்கள்.