எண்ணிக்கையும் பெயரும்

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்திருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் என்னோடு படித்தவர். அந்த நாளிலேயே கடவுள் நம்பிக்கை இல்லாதவர். "சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் போய்க் குந்துகிறாயாமே, வயது போகிறது என்ற பயமா? உனக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுச் சிரித்தார். செய்தி அனுப்பும் நேரம் நெருங்கிவிட்டதால் ஏதோ மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறப்பால் கத்தோலிக்கன். கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவன். சிறுவயதில் அம்மா பிடித்துத் தள்ளிய தள்ளலில் பூசைக்குப் போனவன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்பு அந்தத் தள்ளல் நின்றது; போக்கும் நின்றது. ஞாயிறு என்பது எங்களுக்கு வார வெளியீடு வரும் நாள். அதற்கு முந்திய இரவு தூக்கமில்லாத இரவு. நத்தாருக்கும் பாஸ்காவுக்கும் மனைவியோடு போய்ப் பின்வரிசையில் நிற்பேன். கேட்பவர்களுக்கு "நேரமில்லை" என்று சொல்வேன். அது பொய்யும் அல்ல.

புனித யோசப் வாஸ் அடிகளாரை நான் மூன்று முறை சந்தித்தேன். முதல் இரண்டு முறையும் அவரைக் கவனிக்க எனக்கு நேரமிருக்கவில்லை.

முதலாவது சந்திப்பு 1995 ஜனவரியில். கொழும்பில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, அப்போதுதான் உதவி ஆசிரியராகியிருந்தேன். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இலங்கைக்கு வந்து, 21ஆம் திகதி காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரை அருளாளராக அறிவித்தார். "நீ கண்டிப் பெடியன், கத்தோலிக்கனும்கூட, நீயே எழுது" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். யேசு சபை வரலாற்றாசிரியர் எஸ்.ஜி. பெரேரா அடிகளார் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வாங்கினேன். வாங்கினேனே தவிரப் படிக்கவில்லை. ஆண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். 1651இல் கோவாவில் பிறந்தார். 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறினார். ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்திருந்த காலம் அது. சில ஆண்டுகள் இத்தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே கத்தோலிக்கக் குரு. 1692இல் கண்டிக்கு வந்து, போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். கட்டுரை நன்றாக இருக்கிறதென்று பாராட்டினார்கள். எனக்குள் எதுவும் அசையவில்லை.

இரண்டாவது சந்திப்பு 2015 ஜனவரி 14ஆம் திகதி. பாப்பரசர் பிரான்சிஸ் அதே காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, பிற்பகலில் மடுத் திருத்தலத்துக்குப் போனார். அப்போது நான் செய்திப் பக்கங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. புதிய அரசாங்கம், புதிய அமைச்சர்கள், கட்சி தாவல்கள் என்று பக்கங்கள் போதவில்லை. புனிதரின் வாழ்க்கை பற்றி நிருபர் ஒருவர் அனுப்பியிருந்த நீண்ட கட்டுரையில் பாதியை நானே வெட்டினேன். எந்தப் பாதியை வெட்டினேன் என்பதுகூட இப்போது நினைவில்லை.

மூன்றாவது சந்திப்பைச் சொல்வதற்கு முன் 2025 நவம்பர் இறுதியைச் சொல்ல வேண்டும். கொழும்பு வேலையை விட்டுக் கண்டிக்குத் திரும்பி, மலையகச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம். டித்வா புயலின் மழை 27ஆம் திகதி கொட்டத் தொடங்கி மறுநாளும் ஓயவில்லை. கம்பளை நகருக்குள் மகாவலி புகுந்தது. மலைச்சரிவுகள் வீடுகளோடும் மனிதர்களோடும் இறங்கின. மின்சாரம் போனது, தொலைபேசி போனது, பாதைகள் போயின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் எங்கள் கண்டியும் ஒன்று.

தொடர்பு கிடைத்த போதெல்லாம் கொழும்பிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது. "அண்ணன், இப்ப எத்தனை?" கேட்ட தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய இடத்தில் இருந்து இருபது ஆண்டுகள் நானும் அதையேதான் கேட்டவன். காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தலைப்பு. அந்த நாட்களில் நான் எண்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், பாடசாலை ஒன்றில் அமைத்திருந்த தற்காலிக முகாமில், தோட்டத்து இளம்பெண் ஒருவர் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். லயன் அறைகளுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்ததில் அவருடைய தாயார் அகப்பட்டிருந்தார். உடல் அன்று காலைதான் கிடைத்தது. "சார், பேப்பருக்கு நம்பர்தான் எழுதுறீங்களா? எங்கம்மா பேரைப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

போடுவேன் என்றேன். பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். அதோடு புறப்பட்டிருப்பேன். மாலைச் செய்திக்கு ஒரு மணித்தியாலமே இருந்தது. அப்போது அவர் கையிலிருந்த தாளை நீட்டினார். உடலை அடையாளம் காட்டியதற்கு எழுதப்பட்ட வாக்குமூலத்தின் பிரதி. சிங்களத்தில் இருந்தது. "கையெழுத்து வெச்சிட்டேன் சார். என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியல" என்றார்.

வாசித்தேன். தாயாரின் பெயரில் ஓர் எழுத்து மாறி, அது வேறொரு பெண்ணின் பெயராகிவிட்டிருந்தது. எழுதியவர் நாட்கணக்கில் தூங்காதவராக இருந்திருப்பார். ஆனால் மலையகத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும், அந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பதிவில் மூன்றாவது பெயர் என்று வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். மரணச் சான்றிதழிலும் பெயர் பிழைத்தால், வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியைப் பிள்ளைகள் எடுப்பதற்கு அலைந்தே தீர வேண்டும். இதைப் பற்றி நான் பலமுறை செய்தி எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் என் கைக்கு வந்தது அன்றுதான் முதல்முறை.

"வாங்க மகள், திருத்திக்கொண்டு வருவம்" என்றேன். அதற்கு மூன்று மணித்தியாலம் ஆனது. ஒரு மேசையில் காத்திருந்தோம். இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே நான் சிங்களத்தில் விளக்கினேன். அந்த அதிகாரி பொறுமையோடு கேட்டு, வெட்டி எழுதிச் சுருக்கொப்பமிட்டார். தொலைபேசி சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாலைச் செய்தி போகவில்லை. முப்பது ஆண்டுகளில் காரணமில்லாமல் நான் தவறவிட்ட முதல் செய்தி அதுதான் என்று அப்போது நினைத்தேன். அவர்கள் சைவக் குடும்பம். சமயத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை.

இரவு வீடு வந்தேன். மின்சாரம் இல்லை. தொலைபேசியும் அணைந்துவிட்டது. மனைவி மெழுகுதிரியை ஏற்றிவைத்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், அலுமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். 1995இல் வாங்கியது. முப்பது ஆண்டுகளாகத் திறக்காத பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

1697இல் இதே கண்டியில் பெரியம்மை பரவியது. அரசவை நகரை விட்டு நீங்கியது. நோயுற்றவர்களைச் சொந்த வீட்டாரே கைவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் யோசப் கர்வாலியோ அடிகளாரும் நகரிலேயே தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசை போட்டார்கள், கழுவினார்கள், ஊட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். இன்ன சமயத்தவர் என்று பார்க்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவர் மீது வைத்த மதிப்பு அதன் பின் மேலும் உயர்ந்தது.

அற்புதங்களைப் பற்றியும் அந்த நூலில் இருக்கிறது. என்னை நிறுத்தியது அவை அல்ல. கழுவுதல், ஊட்டுதல், புதைத்தல் என்ற அந்த வேலைப் பட்டியல்தான். அவருக்கும் நேரம் இருந்திருக்காது. எதிரே கிடந்த ஒருவரைக் கழுவி முடித்து அடுத்தவரிடம் போயிருப்பார். செபத்துக்கென்று ஒதுக்கிய வேளைகளில் எத்தனை அந்த நாட்களில் தவறிப்போயினவோ! ஆனால் அவர் செபத்தை விட்டு வேலைக்குப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. சிறையில் இருந்த காலத்தைக்கூட அவர் சிங்களம் கற்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். தமிழை யாழ்ப்பாணத்திலேயே பழகியிருந்தார். அதைப் படித்தபோது அன்றைய மூன்று மணித்தியாலம் நினைவுக்கு வந்தது. எனக்கும் இரண்டு மொழிகள் தெரியும். ஒப்புநோக்கத் தெரியும். பிழையான எழுத்தைக் கண்டால் விரல் நிற்கும் பழக்கம் உண்டு. முப்பது ஆண்டுகளாகச் சம்பளத்துக்குச் செய்த அந்த வேலை எதற்காக எனக்குக் கற்பிக்கப்பட்டது என்று அன்றிரவு முதல்தடவையாகக் கேட்டுக்கொண்டேன்.

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக யோவான் நற்செய்தியில் இருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த பகுதி. எண்ணிப் பார்ப்பதற்கும் பெயர் சொல்லி அழைப்பதற்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்ட ஒரு தோட்டத்துப் பெண்ணின் கேள்வி தேவைப்பட்டது. மெழுகுதிரி முடியும்வரை படித்தேன். பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்தத் தாயாரின் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் மனமறிந்து செய்த செபம் அதுதான்.

மலை ஏன் சரிந்தது, ஏன் அவர் மீது சரிந்தது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விசுவாசம் வந்தால் விடை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அடுத்துச் செய்ய வேண்டிய வேலை எது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இப்போதைக்கு அது போதும்.

நண்பருடைய கேள்விக்கு வருகிறேன். நேரம் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. இன்றும் நான் அவசரக்காரன்தான். தொலைபேசியில் எரிந்து விழுகிறவன்தான். செய்தி நெருக்கினால் ஞாயிறு பூசை இன்றும் தவறுகிறது. ஆனால் ஒருவரை அழைப்பதற்கு முன் அவருடைய பெயரை மனதுக்குள் சொல்லிவிட்டு இலக்கங்களை அழுத்துகிறேன். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டுக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவம் நிரப்பவும், சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்லவும், பெயர்த் திருத்தத்துக்கு எழுதவும் மூன்று பேரோ ஐந்து பேரோ வருவார்கள். எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். சில சனிக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. அன்று சும்மா இருந்துவிட்டு எழும்பி வருகிறேன். அந்தச் சும்மா இருத்தலும் எனக்குப் புதிய பழக்கம்.

வாஸ் அடிகளாரைக் கண்டியில்தான் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறை எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது. வாவிக் கரையில் நடக்கும்போது, இந்த ஊரின் ஏதோ ஒரு மண்ணுக்குள் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்களை இந்த மண்ணில் புதைத்தவர், தன் பெயர்ப்பலகை இல்லாமல் அவர்களோடு கிடக்கிறார்.

சென்ற சனிக்கிழமை முதியவர் ஒருவர் வந்தார். மூன்று ஆவணங்கள், மூன்று எழுத்துக்கூட்டல்கள். "இதில் எது ஐயா உங்கட பேர்?" என்று கேட்டேன். "நீங்க எதை எழுதுறீங்களோ அதான் சார்" என்றார். பேனாவைக் கீழே வைத்தேன். "இல்லை, உங்கட அம்மா எப்படிக் கூப்பிட்டவ? அதைச் சொல்லுங்கோ" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னார். அதை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டேன்.